ஏழடியா, ஒன்பதடியா?

– கதவு திறக்குதா அத்தான்?

– திறக்குது.

– அப்ப இறங்குங்க.

– நாலு விரல் அளவுக்குத் திறக்குது ஆரோன். அதுல நான் இறங்கணும்னா முதல்ல என்னை இஸ்திரி போடணும். உன் பக்கம் எப்படி?

– என் பக்கம் சுவர். கண்ணாடிய மடக்கினதுக்கே சுண்ணாம்பு கொட்டுது. படிச்சுப் படிச்சுச் சொன்னேன், ஒன்பதடி பாடி இந்தச் சந்துல திரும்பாதுன்னு.

– திரும்பலன்னு யார் சொன்னா? பாதி திரும்பியிருக்கு.

– மீதிப் பாதி கரண்ட் கம்பத்துல போய் நிக்குது.

– பரிசோதனைன்னா அப்படித்தான்டா. ஸ்கூல் ஃபிசிக்ஸ் லேப்ல எத்தனை வருஷமா பாக்கறேன். என்ன நடந்தாலும் அதை அப்படியே எழுதிக்கணும். "நம்ம வீட்டுக்கு நாலு வீடு முன்னாடி வண்டி நின்றது. உள்ளே இரண்டு பேர் இருந்தனர். ஒருவர் குண்டு."

– சிரிப்பு வரல அத்தான். இது நம்ம வண்டி இல்ல. ஞானையா அண்ணன் தண்ணி கேன் போடற மினி லாரி. ஒன்பதடி வண்டி வாங்கினா நம்ம தெருவுக்குள்ள வருமான்னு பாத்துட்டு உடனே தந்துடறோம்னு வாங்கிட்டு வந்தது.

– பாத்தாச்சு இல்ல? ரிவர்ஸ் எடு, தந்துடலாம்.

– எடுக்கலாம். பின்னாடி பாருங்க.

– என்ன?

– கார். நம்ம தெரு ரத்தினம் சாரோடது. நாம உள்ள நுழைஞ்ச உடனே சந்து வாய்ல கொண்டுவந்து நிறுத்திட்டுப் போயிட்டார். அத்தனை ஹாரன் அடிச்சேன், திரும்பிக்கூடப் பாக்கல.

– பாவம்டா. வயசாச்சு, காது மந்தமாயிருக்கும்.

– போன ஞாயித்துக்கிழமை சர்ச்சுல கடைசி பெஞ்ச்ல உக்காந்துகிட்டு, நம்ம ஸ்பீக்கர்ல பேஸ் கொஞ்சம் தூக்கலா இருக்குதுன்னு சொன்னவர் அவர்தான்.

– இன்னாப்பா டெனிஸு! என் கிச்சன் ஜன்னலாண்ட வண்டிய சொருகி வெச்சிகினு இன்னா பண்றீங்கோ ரெண்டு பேரும்?

– வாங்க பொன்னியம்மா. உங்க பஜ்ஜி வாசனை வந்துச்சு, வண்டி அதுபாட்டுக்கு நின்னுடுச்சு.

– எகத்தாளத்த பாரு. பொகை பூரா வூட்டுக்குள்ள வருது. மொதல்ல அத்த நிறுத்தச் சொல்லு அந்தப் புள்ளைய.

– நிறுத்திட்டேன்க்கா. ரத்தினம் சார் எங்க போனார்னு தெரியுமா? அவர் கார் எடுத்தாத்தான் நாங்க வெளிய வர முடியும்.

– அவரு எப்பவும் மெயின் ரோட்டாண்ட தானே வுடுவாரு? இன்னிக்கு இன்னா புச்சா இங்க வந்து வுட்டுகீறாரு? பேங்குக்குப் போயிருப்பாரு. இரு, போன் போட்டுப் பாக்கறேன். அதுவரிக்கும் இந்தா, கம்பிக்குள்ள கைய வுட்டு பஜ்ஜிய வாங்கிக்கோ. டீ தர முடியாது, டம்ளரு கம்பில பூராது.

– ஜெயில்லகூட இவ்வளவு நல்லா கவனிக்க மாட்டாங்க பொன்னியம்மா. டேய், பிடி. வாழைக்காய்.

– எனக்கு வேணாம்.

– சூடா இருக்குடா.

– வேணாம்னு சொன்னேன்ல.

– சரி, உன் பங்கும் எனக்கு. மாட்டினது மாட்டிட்டோம், உக்காந்த இடத்துலயே முடிவு பண்ணிடலாம். தாம்பரம் ஷோரூம் பொண்ணு காலையிலேர்ந்து கூப்பிட்டுகிட்டு இருக்கா. ஏழடியா, ஒன்பதடியா, கியரா, ஆட்டோமேட்டிக்கா, இன்னிக்குச் சொல்லுங்க சார்னு. நான் பொண்ணு பாக்கப் போனப்பக்கூட என்னை யாரும் இவ்வளவு கெஞ்சினது இல்ல.

– என் முடிவ நான் சொல்லிட்டேன். ஏழடி, ஆட்டோமேட்டிக்.

– என் முடிவையும் நான் சொல்லிட்டேன். ஒன்பதடி, கியர். நாம வாடகைக்கு விடற ஷாமியானா கம்பம் எட்டடிடா. ஏழடி பாடில போட்டா வால் வெளிய நீட்டிகிட்டு நிக்கும். அதுல ஒரு சிவப்புத் துணியக் கட்டிகிட்டு, பம்மல் சிக்னல்ல போலீஸ்காரர் பாக்கும்போதெல்லாம் வணக்கம் வெச்சுகிட்டே போகணுமா?

– கம்பத்த ரெண்டா வெட்டி, நடுவுல ஒரு பைப் செருகிக்கலாம். லேத் பட்டறைல கேட்டுட்டேன், செஞ்சு தர்றேன்னாங்க.

– எப்பக் கேட்ட?

– கேட்டேன். விடுங்க.

– சரி, கம்பத்த வெட்டிடுவ. ஜெனரேட்டர்? அதையும் ரெண்டா வெட்டுவியா? பெரிய பேஸ் பெட்டி ரெண்டு, சேர் இருநூறு, மேடைப் பலகை. ஏழடில ஏத்தினா மேல உக்காந்து வர நான் குரங்காத்தான் மாறணும். மாறக்கூடாதுன்னு இல்ல, ஆனா ஸ்கூல்ல ஒத்துக்க மாட்டாங்க.

– ஒன்பதடி இந்தத் தெருவுக்குள்ள வராது அத்தான். அது இப்ப கண்ணுக்கு முன்னாடி தெரியுது. தினமும் வண்டிய மெயின் ரோட்டுல நிறுத்திட்டு, ஒவ்வொரு பெட்டியா தோள்ல தூக்கிட்டு வீட்டுக்கு வரப் போறீங்களா?

– அதுக்குத்தான் நீ இருக்கியே.

– ...கியர் விஷயத்துக்கு வாங்க. இந்தச் சந்துல நாலடி முன்ன பின்ன போறதுக்கே கிளட்ச் கருகற நாத்தம் வருது பாருங்க. கல்யாண சீசன்ல கேம்ப் ரோட்டு டிராஃபிக்ல மாட்டினா இதே கதிதான். முழங்கால் போயிடும்.

– ஆனா இழுவை கியர்லதான்டா. பாலத்துல முழு லோடோட ஏறும்போது தெரியும். ரிப்பேர்னாலும் எந்த மெக்கானிக்கும் பாப்பான். ஆட்டோமேட்டிக்குனா கம்ப்யூட்டர் படிச்சவன் டை கட்டிகிட்டு வரணும். கியர் இல்லாத வண்டி ஒரு வண்டியாடா? அது பொம்மை.

– இத்தனை வருஷமா நீங்க ஓட்டறது கியர் இல்லாத ஸ்கூட்டர்.

– அது வேற. அந்த ஸ்கூட்டர் என்னை நம்புது.

– உங்களுக்குக் கார் லைசென்ஸும் இருக்கு.

– இருக்கு. ஆனா அந்த டெஸ்ட் அன்னிக்கு கிளட்ச்ச அமுக்கினது டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரோட கால். ஸ்டியரிங்க திருப்பினதும் பாதி அவர்தான். நான் முகத்த மட்டும் நேரா வெச்சிருந்தேன். நியாயமா அந்த லைசென்ஸ்ல அவர் போட்டோதான் இருக்கணும்.

– ரத்தினம் சாரு போன எடுக்கலப்பா. ரிங்கு போய்கினே கீது. ஆமா, நானும் அப்பலேர்ந்து கேட்டுகினு கீறேன், ஏழடின்றீங்கோ, ஒம்போதடின்றீங்கோ. வண்டிய யாரு ஓட்டப்போறது? அத்த சொல்லுங்கோ மொதல்ல.

– இதுல என்ன சந்தேகம் பொன்னியம்மா? இவன்தான். வண்டி ஓட்டறதும் இவன், சவுண்ட் மிக்ஸர்ல உக்கார்றதும் இவன். "லெஃப்ட்ல ஆட்டோ வருது"ன்னு சொல்றதும், மைக்குல "ஹலோ, ஒன் டூ த்ரீ" சொல்றதும்தான் என் டிபார்ட்மெண்ட்.

– நீங்களும் ஓட்டலாம்ல அத்தான்.

– நான் எதுக்கு?

– எனக்கு ஒரு நாள் முடியாமப் போனா?

– அன்னிக்கு ஆர்டர் எடுக்க வேணாம். லீவு.

– ஒரு வாரம்னா?

– ஒரு வாரம் லீவு. உங்க அக்கா சந்தோஷப்படுவா.

– எட்டு மாசம்னா?

– எட்டு மாசம் என்னடா கணக்கு? பிரசவத்துக்கே பத்து மாசம்தான்.

– சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

– டேய். ஆரோன்.

– சொல்லேம்ப்பா, அத்தான் கேக்கறாரில்ல?

– கப்பல் அத்தான்.

– என்ன கப்பல்?

– டூரிஸ்ட்டுங்க போற கப்பல். உள்ள தியேட்டர் மாதிரி மேடை இருக்கும். தினமும் பாட்டு, டான்ஸ், நாடகம். சவுண்ட் இன்ஜினியர் வேலை. ஒரு தடவை ஏறினா எட்டு மாசம் காண்ட்ராக்ட். நான் செலக்ட் ஆயிட்டேன். அடுத்த மாசம் மும்பைல ஏறணும்.

– செலக்ட் ஆனது எப்ப?

– ரெண்டு மாசம் ஆகுது.

– ரெண்டு மாசமா! ஒரே வீடு. ஒரே பாத்ரூம். தினமும் காலைல அதுக்கு வெளிய நின்னு கதவ யார் முதல்ல தட்டறதுன்னு சண்டை போடறோம். அப்பக்கூடச் சொல்லியிருக்கலாமேடா, கதவுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்தாவது.

– எப்படிச் சொல்றது? நான் வாயத் திறக்கறதுக்குள்ள நீங்க ஒரு ஜோக் அடிச்சுடறீங்க. எல்லாரும் சிரிச்சுடறாங்க. நீங்க எப்பப் பாத்தாலும் சிரிக்க வெச்சுகிட்டே இருந்தா, ஒருத்தன் எப்பத்தான் அழறது?

– ...அது ஒரு குறைதான். எங்க ஹெட்மாஸ்டரும் சொல்லியிருக்கார்.

– பாத்தீங்களா! இப்பக்கூட!

– சரி, சரி. பேசலடா. நீ சொல்லு.

– அப்பா அம்மா போனப்ப எனக்குப் பதினாலு வயசு. உங்களுக்கும் அக்காவுக்கும் கல்யாணம் ஆகி ஆறு மாசம்கூட ஆகல. ஒரே ரூம் வீடு. பையன ஹாஸ்டல்ல சேருங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. நீங்க அன்னிக்கு சாயங்காலம் ஹார்ட்வேர் கடைக்குப் போய் கொடிக்கம்பி வாங்கிட்டு வந்து, ரூம் நடுவுல அக்காவோட கல்யாணப் போர்வையத் திரையா கட்டினீங்க. அந்தப் பக்கம் எனக்கு, இந்தப் பக்கம் உங்களுக்கு. புதுசா கல்யாணம் ஆனவங்க. அது எவ்வளவு பெரிய விஷயம்னு பெரியவனானப்புறம்தான் அத்தான் எனக்குப் புரிஞ்சுது. புரிஞ்சதுலேர்ந்து மூச்சு முட்டுது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், "என் வீட்ல சோத்தத் தின்னுட்டு"ன்னு நீங்க திட்டியிருந்தா, நான் கோவிச்சுகிட்டுக் கிளம்பிப் போயிருப்பேன். திட்டவே இல்ல. எப்படிப் போறது? இந்த வண்டி எவ்வளவோ தேவலாம். இதுக்காவது பின்னாடி நிக்கறது கார்னு தெரியுது. எனக்குப் பின்னாடி என்ன நிக்குதுன்னு நான் யாருகிட்டச் சொல்றது?

– இப்ப வேணா திட்டட்டுமா? உன்னால ஓடக்கூட முடியாது.

– அத்தான்...

– இல்லடா. வாயத் திறந்தா ஜோக்தான் முதல்ல வருது.

– அட இன்னாப்பா இது, இத்த இப்பதான் சொல்றியா உங்க அத்தானாண்ட? கப்பல் சமாச்சாரம் தெருவுக்கே தெரியுமே!

– என்னக்கா சொல்றீங்க?

– உங்க கோயில்ல அறுப்புப் பண்டிகை நடந்துச்சே, அன்னிக்கு. சேவல ஏலம் வுட்டுகினு இருந்தாங்கோ. நீ கையில இருந்த கார்ட்லெஸ் மைக்க ஜோபில போட்டுகினு, போன்ல பேசிகினே கோயிலுக்குப் பின்னாடி போயிட்ட. மைக்க ஆஃப் பண்ணல. நாலு தெருவுல கொம்பு ஸ்பீக்கரு கட்டி வெச்சிருந்தியே, அத்தினியிலயும் வந்துச்சு. "எஸ் சார், ஐ யாம் ரெடி சார், ஷிப்பு சார், மும்பை சார்"னு. நான் மீன் கழுவிகினு இருந்தேன், கைய அப்படியே வெச்சிகினு நின்னுட்டேன். ஏலத்துல நின்ன ஜனம் சேவல வுட்டுட்டு உன் பேச்சத்தான் கேட்டுகினு இருந்துச்சு.

– ஐயோ. ஐயோ கடவுளே. நானா? மைக்க ஆஃப் பண்ணலயா?

– ஊர்ல கீற சாமியாருங்க கையில மைக்கு குடுத்துட்டு, "ஐயா, பேசி முடிச்சா ஆஃப் பட்டன அமுக்குங்கோ"ன்னு சொல்ற ஆளு நீ. உனுக்கே மறந்து போச்சு.

– ரெண்டு மாசமா யாருமே எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலயேக்கா!

– இன்னாத்த கேக்கறது? உன் வூட்டு விஷயம், உன் வாயால வரட்டும்னு கம்முனு கீறோம். எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. இந்தத் தெருவுல ஒரு சேதிய ரெண்டு மாசம் அடக்கி வெக்கறதுன்னா சும்மாவா?

– அத்தான்... உங்களுக்கும் கேட்டுச்சா?

– எனக்கா? நான் அப்ப ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்திகிட்டிருந்தேன். அந்தச் சத்தத்துல காபிரியேல் தூதன் பக்கத்துல நின்னு எக்காளம் ஊதினாக்கூட எனக்குக் கேக்காது.

– சத்தியமா?

– கிறிஸ்தவன் சத்தியம் பண்ணக் கூடாதுடா. அது கிடக்கட்டும். ஏன் ஏழடி, ஏன் ஆட்டோமேட்டிக்? இப்ப உண்மையச் சொல்லு.

– நான் போனப்புறம் உங்களால தனியா பெரிய செட்ட இழுக்க முடியாது. அதனால சின்ன செட். ரெண்டு ஸ்பீக்கர், ஒரு மிக்ஸர், மடக்கற சேர் அம்பது. ஜெனரேட்டர் வேணாம். பிறந்த நாள், புதுமனை, வீட்டு ஜெபக்கூட்டம், அவ்வளவு போதும். அதெல்லாம் ஏழடில அடங்கும். ஏத்தி இறக்க இன்னொரு ஆள் தேவையில்ல. கியர் இல்லைன்னா நீங்களே ஓட்டிடுவீங்க. மிக்ஸர்லகூட எந்தத் திருகு எதுவரைக்கும் திருப்பணும்னு அக்காவோட நெயில் பாலிஷ்ல புள்ளி வெச்சிருக்கேன். சிவப்பு பேச்சுக்கு, ரோஸ் பாட்டுக்கு.

– அது நீயா? உங்க அக்கா கொட்டிட்டான்னு நெனச்சு நான் அவகிட்டச் சண்டை போட்டேனே.

– தெரியும். கேட்டுகிட்டுதான் இருந்தேன்.

– அடப்பாவி. ரெண்டு மாசமா எனக்கு ஒரு வண்டிய அளவெடுத்துத் தச்சிருக்க. கம்பத்த வெட்டி, ஜெனரேட்டர விட்டு, புள்ளி வெச்சு... நான் ஏன் ஒன்பதடின்னு குதிச்சேன் தெரியுமா உனக்கு?

– கம்பம் எட்டடின்னு.

– கம்பமாவது மண்ணாவது. ஏழடில கியர், ஆட்டோமேட்டிக் ரெண்டும் வருது சார், ஒன்பதடில கியர் மட்டும்தான்னு அந்த ஷோரூம் பொண்ணு சொன்னா. அப்ப பிடிச்சேன் அதை. ஒன்பதடின்னா கியர். கியர்னா எனக்கு வராது. எனக்கு வராதுன்னா, நீ எங்கயும் போக மாட்ட.

– அத்தான்!

– அன்பால ஒரு ஆளக் கட்டிப் போடறவங்க இருக்காங்க. நான் கிளட்ச்ச வெச்சுக் கட்டிப் போடலாம்னு பாத்தேன். உலகத்துலயே முதல் ஆளா இருப்பேன்.

– நான் போகல. விடுங்க. போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேன்.

– செருப்பால அடிப்பேன்.

– அத்தான்?

– திட்டிட்டேன். இதானே கேட்ட? இனிமே தாராளமா கோவிச்சுகிட்டுக் கிளம்பு.

– அக்காவுக்கு யார் சொல்றது?

– நீதான் சொல்லணும். மைக் இல்லாம. நான் பக்கத்துல நிக்கறேன், ஜோக் எதுவும் அடிக்க மாட்டேன். முடிஞ்ச வரைக்கும். இரு, போன் அடிக்குது. அந்தப் பொண்ணுதான். ஹலோ, சொல்லும்மா... ஆமா, முடிவு பண்ணியாச்சு... எங்க இருக்கேனா? இப்போதைக்கு ஒரு பெரிய வண்டிக்குள்ளதான் இருக்கேன், வெளிய வர முடியல, அதான் சின்னதா ஒண்ணு வேணும்... ஏழடிம்மா. ஆட்டோமேட்டிக்... கலர் எதுவா இருந்தாலும் சரி, அடுத்த மாசத்துக்குள்ள வரணும். ஒரு ஆள எக்மோர் ஸ்டேஷன்ல கொண்டுபோய் விடணும்... டிரைவர் பேரா? டிரைவர்லாம் இல்லம்மா. நான்தான் ஓட்டப் போறேன்.

– அத்தான், அழறீங்களா?

– வேர்வைடா. ஏசி இல்லாத வண்டி.

– கண்ணுக்குள்ளயா?

– எனக்கு எல்லா இடத்துலயும் வேர்க்கும். பஜ்ஜி ஒண்ணு மீதி இருக்கு, சாப்பிடு.

– குடுங்க. மும்பை டிரெயின் சென்ட்ரல்லேர்ந்தும் கிளம்பும் அத்தான். எதுல டிக்கெட் கிடைக்குதோ அதுலதான்.

– சென்ட்ரலா? அவ்வளவு தூரம் நான் ஓட்டணுமா? அப்ப நாளையிலேர்ந்தே என்னை ரோட்டுல எறக்கி விடு. விடியறதுக்கு முன்னாடி, ஜனம் நடமாட்டம் இல்லாத ரோடாப் பாத்து.

– இன்னா ரெண்டு பேரும் சிரிக்கறீங்கோ, இப்பதான அழுதுகினு இருந்தீங்கோ? இரு, வாசலாண்ட யாரோ கூப்புடறாங்கோ, பாத்துட்டு வரேன்.

– ரத்தினம் சாரா இருந்தா சீக்கிரம் கார எடுக்கச் சொல்லுங்கக்கா. ஞானையா அண்ணன் தேடிகிட்டு இருப்பார். மனுஷன் இப்படியா சந்துல கார நிறுத்துவாரு, உள்ள ஆள் இருக்கறது தெரிஞ்சும்?

– விடுடா. பெரியவர். ஒண்ணும் சொல்லாத.

– டெனிஸு, அவருதாம்பா. டீக்கடையிலயே ஒக்காந்துகினு இருந்துகீறாரு. உன்னாண்ட கேக்கச் சொன்னாரு, "புள்ள வாயத் தொறந்துட்டானா, கார எடுத்துடலாமா? இல்ல, நீ சொன்னா மாதிரி இன்னும் கொஞ்ச நேரம் வுட்டு வெக்கணுமா?"ன்னு.